மாடு செத்த பிறகு வரும் பணம்
எண்ணி எழுதி வைத்தவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் – ஒரு விளக்கம்



மழை, வெள்ளம், மண்சரிவு என்று ஏதாவது வந்து மாடு செத்துப் போனால் "அரசாங்கம் ஏதாவது கொடுக்கும்" என்று ஒருவர் சொல்வார். "எங்கே கொடுக்கப் போறாங்க" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சும் லயத்து வாசலோடு முடிந்துவிடும். ஆனால் அரசாங்கம் உண்மையிலேயே பணம் கொடுக்கும் இடத்தில் அது எப்படிக் கொடுக்கப்படுகிறது? யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குத் தவறிப் போகிறது? எத்தனை மாதம் கழித்து வருகிறது? இதையெல்லாம் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இதை விளக்குவதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டோம். "அது பணக்கார நாடு, அங்கே நடந்தது நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நனைந்த மாட்டைக் குளிர்காற்று கொல்லுவது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 2022 டிசம்பரில் நமது நாட்டின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மழையோடு குளிர்காற்றும் சேர்ந்து அடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. பனி விழாத ஊரிலேயே அப்படி. ஆகவே இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

மீட் கவுண்டி என்னும் இடம்

அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு வடக்கே தென் டக்கோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. நமது மாவட்டம் போல அங்கே உள்ள பிரிவுக்கு 'கவுண்டி' என்று பெயர். அந்த மாநிலத்தில் பரப்பளவில் மிகப் பெரியது மீட் கவுண்டி. நுவரெலியா மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நிலம். ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேல் சனம் இருக்க, அங்கே 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 25,000 பேர்தான். மற்றதெல்லாம் புல்வெளி. அந்தப் புல்வெளியில் மாடு வளர்ப்பதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு.

அங்கே பால் மாடு குறைவு. இறைச்சிக்காக வளர்க்கும் மாடுதான் அதிகம். இளவேனிற் காலத்தில் பசு கன்று போடும். கோடை முழுவதும் தாயும் கன்றும் தூரத்துப் புல்வெளியில் மேயும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கன்றுகளை விற்பார்கள். அந்த விற்பனைதான் பல குடும்பங்களுக்கு வருடம் முழுவதற்குமான சம்பளம். வங்கிக் கடன், கடைக்கடன் எல்லாம் அதிலிருந்துதான் தீர வேண்டும்.

2013 ஒக்டோபர்

2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 3, 4, 5ஆம் திகதிகளில் தென் டக்கோட்டாவின் மேற்குப் பகுதியில் காலத்துக்கு முந்திய ஒரு பனிப்புயல் அடித்தது. முதலில் மணிக்கணக்காகக் குளிர்ந்த மழை. மாடுகள் தோல் வரை நனைந்துவிட்டன. குளிர்காலத்துக்கு மாட்டுக்கு உடம்பில் அடர்த்தியான மயிர் வளரும். அன்று அது இன்னும் வளரவில்லை. பிறகு மழை கனத்த பனியாக மாறியது. காற்று மணிக்கு சுமார் 110 கிலோமீற்றர் வேகத்தில் வீசியது. ரெபிட் சிட்டி நகரத்தில் ஏறக்குறைய 2 அடி பனி. மலைப் பக்கத்து ஊர்களில் 4 அடி, அதற்கு மேலும்.

மாடு காற்றுக்கு முதுகு காட்டித்தான் நடக்கும். அப்படி நடந்து நடந்து, பனி மூடிய வேலிகளுக்கு மேலாகவே ஏறிப் போயின. சில மாடுகள் ஓடைகளில் விழுந்து அமிழ்ந்தன. சில பள்ளங்களில் சிக்கிக் குளிரிலும் மூச்சுத் திணறியும் செத்தன. சொந்தப் புல்வெளியிலிருந்து பல கிலோமீற்றர் தூரத்தில் கிடந்த மாடுகளும் உண்டு.

முதல் வாரத்தில் 'ஒரு இலட்சம் மாடு செத்தது' என்றுகூடச் செய்தி போனது. பின்னர் மாநிலக் கால்நடைச் சபைக்கு மாட்டுக்காரர்கள் அறிவித்த எண்ணிக்கை சுமார் 14,000 மாடுகள். அதோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட செம்மறியாடுகளும் சில நூறு குதிரைகளும். வதந்திக் கணக்குக்கும் எழுத்துக் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பசு செத்தால் அங்கே ஒன்று மட்டும் போகவில்லை. பக்கத்தில் நின்ற விற்பனைக் கன்று போனது. வயிற்றில் இருந்த அடுத்த வருடக் கன்றும் போனது. ஒரே இரவில் மூன்று வருமானம் போன மாதிரி.

சட்டமும் இல்லை, அலுவலகமும் இல்லை

அமெரிக்காவில் இப்படிப்பட்ட இழப்புக்கென்று ஒரு திட்டம் 2008ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் இருந்தது. கால்நடை நஷ்டஈட்டுத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். இயற்கை அழிவில் மாடு செத்தால் சந்தை விலையில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். ஆனால் அந்தத் திட்டத்துக்கு முடிவுத் திகதி போட்டிருந்தார்கள். 2011 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு அது காலாவதியாகிவிட்டது. புதுச் சட்டம் போடுவதில் கட்சிகளுக்கு இடையே இழுபறி. இரண்டு வருடம் அப்படியே போனது.

அது போதாதென்று, வரவு செலவுத் திட்டச் சண்டையால் 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பல அலுவலகங்கள் மூடப்பட்டன. கவுண்டியில் விவசாயிகளின் விண்ணப்பத்தை எடுக்கும் விவசாயச் சேவை அலுவலகமும் மூடியே கிடந்தது. 4ஆம் திகதி புயல். 17ஆம் திகதிதான் அலுவலகம் திறந்தது.

யோசித்துப் பாருங்கள். மாடு செத்துக் கிடக்கிறது. போய்ச் சொல்ல அலுவலகம் இல்லை. சொன்னாலும் கொடுக்கச் சட்டம் இல்லை. பிணம் நாறத் தொடங்குகிறது, சீக்கிரம் புதைத்தாக வேண்டும். கவுண்டி நிர்வாகங்கள் பெரிய குழிகள் வெட்டிக் கொடுத்தன. புதைத்துவிட்டால் கண்ணால் காணும் சாட்சி மண்ணுக்குள் போய்விடும்.

அந்த நேரத்தில் மாநில அதிகாரிகளும் மாட்டுக்காரர் சங்கங்களும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "இப்போதைக்குத் திட்டம் இல்லை. ஆனாலும் எண்ணுங்கள், படம் எடுங்கள், எழுதுங்கள், பக்கத்து ஆளைக் கூட்டிவந்து காட்டுங்கள்." இல்லாத சட்டத்துக்காகக் கணக்கு எழுதச் சொன்னார்கள்! பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் பிற்பாடு கைகொடுத்தது அதுதான்.

ஆறு மாதம் தாண்டித் திறந்த கதவு

2014 பெப்ரவரி 7ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா புதிய விவசாயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் கால்நடை நஷ்டஈட்டுத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. இந்தமுறை முடிவுத் திகதி வைக்கவில்லை. அதைவிட முக்கியம், 2011 ஒக்டோபர் 1ஆம் திகதிக்குப் பிறகு நடந்த இழப்புகளுக்கும் அது பொருந்தும் என்று பின்னோக்கி எழுதினார்கள். விண்ணப்பம் எடுக்கத் தொடங்கியது 2014 ஏப்ரல் 15ஆம் திகதி. அதாவது புயல் அடித்து ஆறு மாதம் தாண்டிய பிறகு. பணம் கைக்கு வர அதற்குப் பிறகும் நாள் எடுத்தது.

அலுவலகத்தில் முதலில் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. புயலுக்கு முந்திய நாள் உங்களிடம் எத்தனை மாடு இருந்தது? எத்தனை செத்தது? எந்தத் திகதி? புயலால்தான் செத்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? அன்று அந்த மாடு யாருக்குச் சொந்தம்?

ஒக்டோபரில் எழுதி வைத்தவர் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எழுதாதவர் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நமக்கு இது புதிதல்ல. எவ்வளவு கொழுந்து பறித்தாலும், நிறுத்துப் புத்தகத்தில் ஏறிய கிலோவுக்குத்தான் சம்பளம். ஏறாத கொழுந்துக்குக் காசு கிடையாது. மாட்டுக் கணக்கும் அப்படித்தான்.

எவையெல்லாம் அத்தாட்சி?

அந்தத் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் அத்தாட்சிகள் பல வகை:

1. மிருக வைத்தியரின் எழுத்து.
2. செத்த மாட்டை ஏற்றிச் சென்ற இடத்தின் பற்றுச்சீட்டு.
3. திகதி தெரியும் புகைப்படம்.
4. மாடு வாங்கிய, விற்ற சீட்டுகள், வங்கிக் கடன் பத்திரத்தில் உள்ள மாட்டு எண்ணிக்கை.
5. அன்றன்றைக்குச் சொந்தக்காரர் எழுதி வைத்த குறிப்புப் புத்தகம்.
6. இவை போதாத இடத்தில், மூன்றாம் ஆளின் சாட்சிக் கடிதம்.

இந்த மூன்றாம் ஆள் யார்? அந்தப் பண்ணையோடு பணச் சம்பந்தமோ குடும்பச் சம்பந்தமோ இல்லாதவர். பக்கத்துப் பண்ணைக்காரராக இருக்கலாம். "இவரிடம் இத்தனை மாடு இருந்தது எனக்குத் தெரியும், இத்தனை செத்துக் கிடந்ததைக் கண்டேன், இப்படித்தான் எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொன்னால் சட்டப்படி குற்றம்.

தென் டக்கோட்டாவில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே மாட்டுக்குச் சூட்டுக்குறி போடும் வழக்கம் இன்றும் உண்டு. காதில் இலக்கத் தகடும் மாட்டுவார்கள். பல மைல் தூரம் அடித்துச் செல்லப்பட்ட மாடு யாருடையது என்று அறிய இவைதான் உதவின. குறி இல்லாத மாடு அநாதை மாடுதான்.

விண்ணப்பத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது யார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்துக்கும் ஒரு குழு உண்டு. அதன் அங்கத்தவர்கள் அந்தப் பகுதி விவசாயிகள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த விவசாயிகள். அந்த மண்ணையும் அந்தப் புயலையும் அறிந்தவர்கள். அவர்கள் முன்னால் கூட்டிச் சொல்வதும் கடினம், உண்மையை மறுப்பதும் கடினம்.

எவ்வளவு கிடைத்தது? ஒரு கணக்கு

செத்த மாட்டின் சராசரிச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 பங்கு. இதுதான் விதி. அதிலும் ஒரு கழிவு உண்டு. எந்த வருடமும் புயல் இல்லாமலே சில மாடுகள் சாகும் அல்லவா? அந்த 'இயல்பான சாவை' கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணக்கு இலகுவாக இருக்க எண்களை நாங்களே போட்டிருக்கிறோம். ஒருவரிடம் 200 பசு. புயலில் செத்தது 60. இயல்பான சாவு நூற்றுக்கு 2 என்று வைத்தால் 4 மாடு கழியும். மீதி 56. பசுவின் விலை 1,000 டொலர் என்றால் ஒன்றுக்கு 750 டொலர். மொத்தம் 42,000 டொலர். ஆனால் அவர் இழந்த பசுக்களின் பெறுமதி 60,000 டொலர். ஆக 18,000 டொலர் அவர் தலையில்.

அதே ஆள் 60 மாட்டில் 40 மாட்டுக்குத்தான் அத்தாட்சி காட்ட முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 4 கழித்தால் 36. கிடைப்பது 27,000 டொலர். எழுதி வைக்காத 20 மாட்டுக்கு விலை 15,000 டொலர்! ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் பெறும் விலை அது.

பணத்துக்கு உச்ச வரம்பும் இருந்தது. கால்நடைகளுக்கான மூன்று நிவாரணத் திட்டங்களையும் சேர்த்து ஒருவருக்கு வருடத்துக்கு 125,000 டொலருக்கு மேல் கிடையாது என்று 2014 சட்டம் சொன்னது. இந்த நஷ்டஈட்டுத் திட்டத்துக்கு அந்த வரம்பை 2018ஆம் ஆண்டு நீக்கினார்கள். வயிற்றில் இருந்த கன்றுக்கு அன்று ஒரு சதமும் இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம்தான் சினை மாடு செத்தால் வயிற்றுக் கன்றுக்கும் மேலதிகத் தொகை ஒன்றுக்கு வழி செய்தது. சட்டம் தானாகத் திருந்தவில்லை. இழந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் திருந்தியது.

அதுவரைக்கும் அடுப்பு எரிந்தது எப்படி?

அத்தனை மாதமும் யார் தாங்கினார்கள்? இங்கேதான் நமக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. புயல் அடித்த அதே மாதத்தில் அந்த மாநிலத்தின் இரண்டு மாட்டுக்காரர் சங்கங்களும் செம்மறி வளர்ப்போர் சங்கமும் சேர்ந்து ஒரு நிவாரண நிதியைத் தொடங்கின. பணத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல், அந்தப் பகுதியின் பொதுநல நிதியம் ஒன்றிடம் கணக்கை ஒப்படைத்தார்கள். ஐம்பது இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பக்கத்து மாநிலங்களில் மாடு வளர்ப்பவர்கள் பணத்துக்குப் பதில் சினைக் கிடாரிகளையே லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். மாட்டை இழந்தவனுக்கு மாடு!

அரசாங்கத்தின் பணம் பெரிது, ஆனால் அது பையப் பைய வரும். அயலவன் உதவி சிறிது, ஆனால் அது மறுநாளே வரும். இரண்டும் வேண்டும். அயலவன் உதவி வருகிறதென்று அரசாங்கத்திடம் கேட்பதை விட்டுவிடக் கூடாது. அரசாங்கம் தருமென்று அயலவனைக் கவனியாமல் விடவும் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

நமது குடும்பங்களில் ஒரு மாடு, இரண்டு மாடுதான். 200 மாட்டில் 60 செத்தவருக்கு மீதி 140 இருந்தது. ஒரு மாட்டில் ஒன்று செத்தால் நமக்கு மீதி ஒன்றுமில்லை. பிள்ளையின் கொப்பிக் காசும், சீட்டுக் காசும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகும் காசும் அந்தப் பாலில்தான் இருக்கிறது. ஆகவே கணக்கு நமக்குத்தான் கூடுதலாகத் தேவை. பின்வருவனவற்றை இந்த மாதமே செய்யுங்கள்.

* மாட்டுக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். மாட்டின் நிறம், கொம்பு, அடையாளம், காதுத் தகட்டு இலக்கம், வாங்கிய திகதி, விலை, யாரிடம் வாங்கியது எல்லாம் அதில் இருக்கட்டும். எழுத முடியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

* சினைப்பட்ட நாள், கன்று போட்ட நாள், மிருக வைத்தியர் வந்த நாள், போட்ட ஊசி ஆகியவற்றை அன்றைக்கே எழுதுங்கள். பால் சேர்க்கும் இடத்தில் தரும் துண்டுகளை எறிய வேண்டாம். கொப்பிக்குள் வையுங்கள்.

* வாரத்துக்கு வளர்க்கும் மாடாக இருந்தால், மாடு யாருக்குச் சொந்தம், கன்று யாருக்கு, மாடு செத்தால் வரும் பணம் யாருக்கு என்று இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சிநேகிதம் கெடாமல் இருக்க இதுதான் வழி.

* மாடு செத்தால் அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். முதலில் மிருக வைத்தியர் அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். வியாதியால் செத்ததா என்று அறியவும் அது அவசியம். மற்ற மாடுகளைக் காப்பாற்றலாம். கைத்தொலைபேசியில் முழு மாட்டையும், காதுத் தகட்டையும், செத்த இடத்தையும் படம் எடுங்கள்.

* உறவில்லாத இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டி, திகதி, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டு மாடு செத்தால் நீங்களும் போய் அதேமாதிரிக் கையெழுத்துப் போடுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

* மாட்டுக் காப்புறுதி பற்றி மிருக வைத்தியரிடமோ கமநலக் காரியாலயத்திலோ கேட்டு அறியுங்கள். மாடு நல்லா இருக்கும்போதுதான் காப்புறுதி எடுக்க முடியும்.

"எந்த நிவாரணமும் வராவிட்டால் இவ்வளவும் வீண்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். மீட் கவுண்டிக்காரர்களும் 2013 ஒக்டோபரில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அன்று அவர்கள் கையில் சட்டம் இல்லை, அலுவலகம் இல்லை, நம்பிக்கையும் குறைவு. பனிச் சேற்றில் நின்றுகொண்டு காதுத் தகட்டு இலக்கத்தைப் பார்த்து எழுதினார்கள். அடுத்த வருடம் அலுவலகக் கதவு திறந்தபோது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

நிவாரணம் வராவிட்டாலும் கொப்பி வீண்போகாது. எந்த மாடு எவ்வளவு பால் தந்தது, எது நேரத்துக்குச் சினைப்படவில்லை, தீவனத்துக்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் அதில் தெரியும். நிவாரணம் வந்தாலோ, முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்கும்.

ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கி, இன்றைக்கே முதல் பக்கத்தில் உங்கள் மாட்டின் பெயரை எழுதுங்கள். பக்கத்துக் காம்பராவில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.